வட்டத்துக்குள் இருப்பவருக்கே வழி

எங்கள் வீட்டுக்குக் கார் வந்த அன்றே வேலைப் பங்கீடும் முடிந்துவிட்டது. ஸ்டியரிங் என் கணவருக்கு, இடது ஜன்னல் எனக்கு. லைசென்ஸ் என்னிடமும் இருந்தது. எடுத்த கையோடு அதைப் பீரோவில் வைத்துப் பூட்டியாயிற்று. ஒரு வீட்டில் இரண்டு டிரைவர் எதற்கு என்பது அவருடைய வாதம். நான் ஓட்டினால், பக்கத்தில் உட்கார்ந்து அவர் போடும் சத்தத்திலேயே எதிலாவது கொண்டுபோய் மோதிவிடுவேன் என்பது என்னுடைய பயம். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இடது ஜன்னல் வேலை என்னவென்று டெல்லியில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஊரில் இண்டிகேட்டர் போட்டால் எவனும் வழிவிட மாட்டான். நாம் அந்தப் பக்கம் போகப் பார்க்கிறோம் என்று தெரிந்ததும் இன்னும் வேகமாக வந்து அடைத்துக்கொள்வான். ஆனால் ஜன்னலுக்கு வெளியே ஒரு கை நீண்டு, உள்ளங்கையை விரித்து 'இரு, இரு' என்று காட்டினால் எப்பேர்ப்பட்ட முரடனும் ஒரு கணம் தயங்குவான். வளையல் போட்ட கை என்றால் இன்னும் கொஞ்சம் மரியாதை. எங்கள் காரில் அந்தக் கை என்னுடையது. கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸிலிருந்து இரண்டு பேரும் ஒன்றாகத்தான் அலுவலகம் போவோம். அவருக்கு ஓர் அமைச்சகம், எனக்கு அடுத்த கட்டடத்தில் இன்னொன்று. நம் ஊரில் ரவுண்டானா என்கிறோமே, இங்கே அதற்குக் கோல் சக்கர் என்று பெயர். வழியெல்லாம் அதுதான். ஒவ்வொன்றிலும் என் கை வெளியே போகும், உள்ளே வரும். குளிர்காலத்தில் ஸ்வெட்டரோடு, ஜூன் மாத அனல்காற்றில் தோல் எரிய எரிய.

அவர் சட்டதிட்டம் பார்க்கிற மனிதர். கோப்பில் ஒரு கமா இடம் மாறியிருந்தாலும் திருப்பி அனுப்புகிறவர். கோல் சக்கரைப் பொறுத்தவரை அவருக்கு ஒரே விதிதான். வட்டத்துக்குள் ஏற்கெனவே இருப்பவருக்கே வழி. வெளியிலிருந்து வருகிறவர் நின்று, பார்த்து, இடம் கிடைத்தால் நுழைய வேண்டும். விதி என்னவோ சரிதான். வட்டத்தைச் சுற்றும்போது நடுத்திட்டு நமக்கு வலது கைப்பக்கம் இருக்கும், புதிதாக நுழைகிறவர்கள் இடது பக்கத்திலிருந்து வருவார்கள். அதாவது என் ஜன்னல் பக்கத்திலிருந்து.

டெல்லிக்காரர்களிடம் இருக்கிற விதி வேறு. அது எந்தப் புத்தகத்திலும் கிடையாது, கண்ணில் இருக்கிறது. யார் அடுத்தவரைப் பார்த்துவிட்டாரோ அவர் நிற்க வேண்டும். பார்க்காதவர் போகலாம். அதனால் எல்லாரும் முகத்தை நேராக வைத்துக்கொண்டு, ஓரக்கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டு, பார்க்காத மாதிரியே நுழைவார்கள். கடைசி நொடியில் யாராவது ஒருவருக்குத் தைரியம் போய்த் திரும்பிப் பார்ப்பார். அவர் தோற்றார், நின்றார். வந்த புதிதில் இதைப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் சிரித்திருக்கிறோம்.

கொஞ்ச காலமாக அவருக்கு அந்தச் சிரிப்புப் போய்விட்டிருந்தது.

"முன்னல்லாம் இப்படியா இருந்துச்சு? இப்பம் எங்கேருந்து வாரான்னே தெரிய மாட்டேங்கு. சவத்துப்பயலுவ, திடீர்னு வந்து முன்னால நிக்கான்" என்பார். திருநெல்வேலியை விட்டு வந்து எத்தனையோ காலம் ஆகியும் கோபம் வந்தால் அவருக்கு அந்த ஊர்ப் பேச்சுதான். வீட்டுக்கு வருகிற நண்பர்களும் தலையாட்டுவார்கள். ஓட்டுகிறவர்களின் தரம் இறங்கிவிட்டது, காசு கொடுத்தால் லைசென்ஸ், எல்லார் கையிலும் போன், டெலிவரிப் பையன்களுக்குக் கண்மண் தெரிவதில்லை என்று ஆளுக்கொன்று சொல்லிவிட்டு இன்னொரு காபி குடித்துவிட்டுப் போவார்கள். எனக்கு இந்தப் பேச்சே பிடிக்காது. இறங்கிவிட்டது என்று அழுவதற்கு அது எப்போதாவது ஏறியிருக்க வேண்டாமா? நாங்கள் வந்த காலத்திலும் ப்ளூலைன் பஸ் ஆட்களை அடித்துத் தள்ளிவிட்டுத்தான் போய்க்கொண்டிருந்தது.

அவருக்கு எல்லாவற்றின் தரமும் இறங்கிக்கொண்டிருந்தது. பிளேடு முன்போல் இல்லை, சரியாக மழிப்பதில்லை. பேப்பரில் வாக்கியம் எழுதத் தெரியாதவர்களை வேலைக்கு வைத்திருக்கிறார்கள், பாதி வரி விட்டுப்போகிறது. ஓய்வு பெறும் வயது நெருங்குகிற ஆண்களுக்கு வருகிற முணுமுணுப்பு என்று நினைத்தேன். என் அப்பாவுக்கும் அப்படித்தான் வந்தது.

பொங்கலுக்கு டெல்லியில் அலுவலகம் உண்டு. எங்கள் கட்டடத்துத் தமிழர்கள் அன்று ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து மதியம் சேர்ந்து சாப்பிடுவது வழக்கம். சர்க்கரைப் பொங்கல் என் பொறுப்பு. காலையில் வைத்து, நெய் மிதக்கத் தூக்குச்சட்டியில் நிரப்பி, துண்டைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினேன். பின் சீட்டில் வைத்தால் முதல் வட்டத்திலேயே கவிழ்ந்துவிடும். சூடு துண்டைத் தாண்டித் தொடையில் இறங்கியது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். அன்று பார்த்து மூடுபனிகூட இல்லை, நல்ல வெயில். பின்னால் சாக்குச் சொல்வதற்குக்கூட ஒன்றுமில்லை.

நாங்கள் வட்டத்துக்குள் இருந்தோம். இடது பக்கச் சாலையிலிருந்து ஒரு ஸ்கூட்டர் நுழைந்தது. புருஷனும் பெண்டாட்டியும். அவள் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து நீலச் சால்வையைத் தலையோடு இழுத்துப் போர்த்தியிருந்தாள். அவர்கள் வருவதை நான் நன்றாகப் பார்த்தேன். இவரும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார், இப்போது திட்டுவார், திட்டிக்கொண்டே பிரேக்கை மிதிப்பார் என்று இருந்தேன். அவர் திட்டவுமில்லை, மிதிக்கவுமில்லை. காலியான சாலையில் போவது போல் அமைதியாகப் போனார். "ஏங்க!" என்று நான் கத்தினதும் இடித்ததும் ஒன்றாக நடந்தன.

அவள் தார்ச் சாலையில் கிடந்தாள். அழவில்லை. சால்வை மட்டும் கொஞ்ச தூரம் தள்ளிக் கிடந்தது. ஒரு கால், கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. பொங்கல் என் புடவையெல்லாம் கொட்டித் தொடை வெந்திருந்தது, அது எனக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது. ஐந்தாறு பேர் கூடினார்கள். இவர் இறங்கி, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, தன் அலுவலக இந்தியில் அந்த மனிதரிடம் விதியைச் சொல்லிக்கொண்டிருந்தார். வட்டத்துக்குள் இருப்பவருக்கே வழி. உள்ளே வருகிறவன்தான் நிற்க வேண்டும். கூட்டமும் ஆமாம் போட்டது. நரைத்த தலை, சர்க்கார் அட்டை, ஒழுங்கான பேச்சு. ஸ்கூட்டர்காரரிடம் என்ன இருந்தது? அவர் இரண்டு கையையும் கூப்பினார்.

"தப்பு என்னோடதுதான் சாப். முதல்ல இவளைத் தூக்குங்க" என்றார்.

எங்கள் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். என் கணவர் அன்று முழுவதும் அங்கேயே நின்றார். கல்நெஞ்சுக்காரர் இல்லை அவர். போலீஸ்காரர் ஒருவர் வந்தார், ஸ்கூட்டர்காரர் தன் தவறு என்று அவரிடமும் சொன்னார், விஷயம் சமரசத்தில் முடிந்தது. அவளுக்கு இடுப்பெலும்பு உடைந்திருந்தது. மறுநாள் அலுவலகத்தில் எல்லாரும் என்னிடம் வந்து ஆறுதல் சொன்னார்கள். ஓட்டத் தெரியாதவனெல்லாம் ரோட்டுக்கு வந்துவிட்டான், சார் பாவம், நல்லவேளை உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

அதன்பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு போட்டேன்.

"பொரியல் வைக்கலயா?" என்றார்.

"வச்சிருக்கனே."

"எங்க வச்சிருக்க?"

விளையாடுகிறார் என்று நினைத்தேன். பீன்ஸ் பொரியல் தட்டில் இடது பக்கம் குவியலாக இருந்தது. அவர் தட்டைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார். எரிச்சலோடு தட்டைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினேன்.

"ஏளா, இப்பம் கொண்டாந்து வச்சிட்டு அப்பமே வச்சேங்கியே" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே பொரியலைப் பிசைந்து சாப்பிட்டார்.

ரசம் ஊற்றுகிற சாக்கில் தட்டை மறுபடியும் திருப்பினேன். இப்போது அப்பளம் இடது பக்கம் போயிற்று. கொஞ்ச நேரத்தில் அவர், "அப்பளம் ஒண்ணு தா" என்றார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். வலது கன்னம் மழமழவென்று இருந்தது. இடது கன்னத்தில் வெள்ளை வெள்ளையாக முள். பேப்பரில் பாதி வரி விட்டுப்போகிறது என்றாரே, அது எந்தப் பாதி என்று நான் கேட்டதே இல்லை. எங்கேருந்து வாரான்னே தெரியல என்று அவர் திட்டிய ஒவ்வொருவனும் என் ஜன்னல் பக்கத்திலிருந்து வந்தவன். அவர்களையெல்லாம் இத்தனை நாள் என் கை நிறுத்தி வைத்திருந்தது. பொங்கல் தூக்குச்சட்டியைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு நாள் மட்டும் நிறுத்தவில்லை.

ஸ்கேனில் மூளையின் வலது பக்கம் ஒரு திட்டு தெரிந்தது. எப்போதோ ரத்தம் கட்டி அந்த இடம் செத்துப்போயிருக்கிறது என்றார் டாக்டர். மழைக்காலத்தில் ஒருநாள் தலைவலி என்று ஒரு மாத்திரை போட்டுப் படுத்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போனார், அதுவாக இருக்கலாம். கை கால் இழுக்கவில்லை, பேச்சுக் குழறவில்லை. இடது பக்கத்து உலகம் மட்டும் போய்விட்டது.

"போனது அவருக்கே தெரியாதும்மா. இருட்டா இருந்தாலாவது கண்டுபிடிப்பாங்க. இவருக்கு இருட்டும் இல்ல. அந்தப் பக்கமே கிடையாது, அவ்வளவுதான்" என்றார் அந்த டாக்டர். அவர் மதுரைப் பக்கம். வண்டி ஓட்டலாமா என்று நான் கேட்கவில்லை, அவராகவே கூடாது என்றார்.

போன வருடம், அந்தத் தலைவலிக்குப் பிறகுதான், லைசென்ஸைப் புதுப்பித்திருந்தோம். சான்றிதழுக்குப் போன இடத்தில் ஒரு டாக்டர் தலையைத் தூக்காமலே 'கண் தெரியுதா' என்று கேட்டு, இவர் 'தெரியுது' என்றதும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அப்போது சீக்கிரம் முடிந்தது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். தரம், தரம் என்று வாய் கிழியப் பேசினோமே, எங்கே இறங்கிக்கொண்டிருந்தது அது?

வீட்டுக்கு வந்ததும் சாவியை எடுத்து என் கைப்பையில் போட்டேன். அவர் தாம்தூம் என்று குதித்தார்.

"எனக்கு எல்லாம் நல்லாத்தான் தெரியுது. எதுவுமே மறைக்கல. டாக்டர் சொன்னா ஆச்சா? அவனே தப்பு என்னோடதுன்னு ஒத்துக்கிட்டாம்லா?"

"அவன் ஒத்துக்கிட்டான். நீங்க அவனப் பாத்தீங்களா? அத மட்டும் சொல்லுங்க."

"அவந்தான் திடீர்னு வந்தானே."

"திடீர்னு வரல. மெதுவாத்தான் வந்தான். அந்தப் பொம்பள சால்வையோட கலர்கூட எனக்குத் தெரியும்."

"வட்டத்துக்குள்ள நாமதான இருந்தோம்?" என்று கேட்டார். குரலில் கோபம் போய்விட்டிருந்தது. அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. அவர் பொய் சொல்லவில்லை. பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

ஸ்கூட்டர்காரர் வீடு கோட்லா முபாரக்பூரில், எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தது. நான் தனியாகப் போனேன். ஒரே அறை, ஜன்னல் கிடையாது. அவள் கட்டிலில் படுத்திருந்தாள். தையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், இனி மிஷின் மிதிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். அவர் எனக்கு டீ போடப் போனார். வேண்டாம் என்று உட்காரவைத்து, என் கணவருக்கு இருக்கிற கோளாறைச் சொன்னேன். உங்கள் மேல் தப்பில்லை, அவருக்கு நீங்கள் வந்ததே தெரியாது, போலீஸிடமும் இதைச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

அவர் கட்டில் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு இந்தியில் சொன்னதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"இல்ல மேடம், சாப் என்னைப் பார்த்தார். முகம் என் பக்கம்தான் இருந்தது. பார்த்துட்டார், நிப்பாருன்னுதான் நான் உள்ள வந்தேன். பார்க்கலைன்னா நான் வந்திருக்கவே மாட்டேன். பின்னாடி இவ உட்கார்ந்திருக்கா இல்லையா?"

பார்த்தவர் நிற்க வேண்டும். ஊர் முழுக்கக் கடைப்பிடிக்கிற அந்த விதியை ஸ்கூட்டர்காரர் அணுவளவும் மீறவில்லை. என் கணவர் புத்தகத்து விதியை மீறவில்லை.

கட்டிலில் இருந்தவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "அன்னையிலேர்ந்து தினமும் நான் இவரைத்தான் திட்டிக்கிட்டு இருக்கேன்" என்றாள் என்னிடம். "கண்ணை எங்க வச்சிருந்தேன்னு கேட்டுக் கேட்டுத் திட்டியிருக்கேன். இப்ப வந்து சொல்றீங்களே." பிறகு மெதுவாகத் தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். இடுப்பைத் திருப்ப முடியாது, தலையை மட்டும்தான். அவர் கைவிரல்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து வந்தேன். வாசல் வரை கொண்டுவிட அவர் வரவில்லை, அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை. சொன்னபடி போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனேன். முடிந்துபோன விஷயத்தை ஏன் மேடம் கிளறுகிறீர்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இப்போது கார் ஓட்டுவது நான். ஒரு டிரைவிங் ஸ்கூல் பெண்ணோடு காலை காலையாகப் பழகி, பீரோவில் இருந்த லைசென்ஸை வெளியே எடுத்தேன். வட்டம் வரும்போதெல்லாம் இரண்டு பக்கமும் நானே பார்க்க வேண்டும். பக்கத்தில் இருப்பவரிடம் 'இடது பக்கம் யாராவது வராங்களா' என்று கேட்க வாய் வரும், அடக்கிக்கொள்வேன். அவர் ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது. உட்கார்ந்து பார்க்கிற வேலை, தாளை வலது பக்கம் நகர்த்தி வைத்துப் படிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். என் மேல் இருந்த கோபம் தீர்ந்து, இப்போதெல்லாம் எனக்கு உதவி செய்ய வேண்டும் என்று அவருக்கு ஆசை.

போன வாரம் அதே வட்டத்துக்குள் நுழைந்தேன். மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றுவதற்குள் குளிர்காற்று முகத்தில் அடித்தது. அவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கியிருந்தார். நான் எத்தனையோ காலம் செய்தது போலவே கையை முழங்கை வரை வெளியே நீட்டி, உள்ளங்கையை விரித்து வைத்திருந்தார். முகம் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒருத்தனும் இல்ல. நீ தைரியமா போ" என்றார்.

இடது பக்கச் சாலையிலிருந்து ஓர் ஆட்டோ வந்துகொண்டிருந்தது. ஆட்டோக்காரன் அந்தக் கையைப் பார்த்தானா, பார்த்தும் பார்க்காத மாதிரி வந்தானா, தெரியாது. நான் பிரேக்கை மிதித்துக்கொண்டே எட்டி அவர் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தேன். ஆட்டோவின் கம்பி அவர் விரல் நுனியைத் தொடாமல் போய், எங்களுக்குப் பக்கத்திலேயே கிறீச்சிட்டு நின்றது. ஆட்டோக்காரன் தலையை வெளியே நீட்டி, அவர் காதோரம் நின்று எங்கள் குடும்பத்தையே இழுத்துத் திட்டினான். பின்னாலிருந்து எல்லாரும் ஹாரன் அடித்தார்கள்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "யாரு ஏசுதான்?" என்றார். "எங்க இருக்கான்?"

கேட்டுக்கொண்டே குரல் வந்த பக்கத்தை விட்டுவிட்டு, என் பக்கம் திரும்பி, என் முகத்தைத் தாண்டி, வலது ஜன்னலில் அவனைத் தேடினார்.